வாய்க்காலில் விழுந்த பேச்சு

லாகவேன் என்ற ஊரில் காற்று நின்றுபோய்ப் பத்தொன்பதாவது நாள், கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பெண்கள் கையில் ஆளுக்கொரு பெட்டியும் தோளில் ஆளுக்கொரு ஹெட்போன் பையுமாக வந்து இறங்கினார்கள். ஹாலந்து நாட்டில் கடலைவிடத் தாழ்ந்து கிடக்கும் நிலத்தில் இருந்தது அந்த ஊர். பெரிய கரை போட்டுக் கடலை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே ஊறும் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாகச் சேர்த்து, பம்பு வைத்துக் கரைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அங்கே மாடு மேயும், உருளைக்கிழங்கு விளையும், மனிதன் கால் நனையாமல் தூங்குவான். தண்ணீருக்குப் பம்பு இருந்ததுபோலச் சத்தத்துக்குக் காற்று இருந்தது. ஊரில் எழும் பேச்சையும் தும்மலையும் சைக்கிள் மணியையும் காற்றுதான் தினமும் அள்ளிக் கரையைத் தாண்டிக் கடலில் போட்டுவந்தது. காற்று நின்றதும் சத்தங்களால் கரை ஏற முடியவில்லை. பள்ளத்தைப் பார்த்து இறங்கி, வாய்க்கால்களில் பாசிக்குக் கீழே தங்கிவிட்டன.

ஊர்க்காரர்கள் இதற்காகக் கூட்டம் கூட்டவும் இல்லை, குறி கேட்கவும் இல்லை. நீர் வாரியத்திலிருந்து ஒரு தாள் அடித்து வீட்டுக்கு வீடு போட்டார்கள்: அவசியமில்லாததைப் பேச வேண்டாம், தும்மலுக்குத் தடையில்லை, கல்யாணப் பேச்சும் பங்காளிச் சண்டையும் இருந்தால் தயவுசெய்து கரையின் உச்சிக்குப் போய் வைத்துக்கொள்ளவும். அதன்படியே நடந்தது. சாயங்காலங்களில் கரை உச்சியில் காதலர்களும் அண்ணன் தம்பிகளும் இடம் பிடிக்க வரிசையில் நின்றார்கள். தேவாலயத்தில் ஏற்கெனவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் மணியோசை வாசல் பள்ளத்தில் முழங்கால் அளவுக்குக் கிடந்ததால், மூன்றாவது வாரம் மணியடிப்பவர் சும்மா போய்க் காலால் அதைக் கலக்கிவிட்டு வந்தார், அதுவே போதுமானதாக இருந்தது. பழைய மரப்பாலத்தின் கீழே மட்டும் ஒரு 'மாட்டேன்' முப்பது வருடமாகக் கிடந்தது. அது இதற்கு முன் காற்று நின்ற கோடையில் விழுந்தது. அதன்மேல் சைக்கிளில் போகிறவர்கள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு போவார்கள். ஏன் என்று கேட்டால், அதுதான் மரியாதை என்பார்கள்.

வந்த இருவரில் இளையவள் வஞ்சிக்கொடி, வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் சேர்ந்தவள். விரல் பழகியதால் ரேடியோ, ரேடியோ பழகியதால் ஹெட்போன் என்று போய், இப்போது கோவையில் ஹெட்போன் பைத்தியம் பிடித்த பதினோரு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடும் கூட்டத்தில் எல்லோருடைய ஹெட்போனையும் பிரித்து மாட்டுகிறவள் அவள்தான். எதற்கும் கவலைப்படுவாள். கேஸை மூடினோமா என்று விமானத்தில் ஒன்பது மணி நேரமும் யோசித்தாள், மூடியதாக ஞாபகம் வந்ததும் மூடியதைத் தங்கை வந்து திறந்திருப்பாளோ என்று யோசித்தாள். மூத்தவர் ஜெஸிந்தா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நாலு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் ஆபரேட்டர்கள் ஒரு காதில்தான் மாட்டியிருப்பார்கள். கோவையில் பாதிப் பேரின் நல்ல சேதியும் கெட்ட சேதியும் ஜெஸிந்தாவின் இடது காது வழியாகத்தான் போயிற்று. கூட்டத்தில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஒரு ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடி, பாடகிக்கு ஜலதோஷம் இருந்ததா இல்லையா என்றுகூடச் சொல்லிவிடுவார்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு வருடமாக ஒரு கோளாறு இருந்தது. எந்த ஹெட்போனைக் கொடுத்தாலும் ஜெஸிந்தா, "இடது பக்கம் கம்மியா இருக்குது, பாரு" என்றார். ஹெட்போன்காரர்களுக்கு இடதும் வலதும் தராசுத் தட்டுபோலச் சமமாக நிற்க வேண்டும், அதில் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைக் குறை சொன்னதுபோல. முதல் மாதம் ஒருவர் வருத்தப்பட்டார், மறுமாதம் இன்னொருவர். மூன்றாவது மாதம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, புரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வஞ்சிக்கொடிதான் ஒரு வேலை செய்தாள். சுத்தம் செய்து தருகிறேன் என்று ஜெஸிந்தாவின் ஹெட்போனை வாங்கிப் போய், வலது பக்கத்துக்குள் அரிசி அளவு ஒரு ரெசிஸ்டரை வைத்து சால்டர் செய்தாள். வலதுபக்கச் சத்தம் அடங்கி இடதுக்குச் சமமாக வந்தது. மாட்டிப் பார்த்த ஜெஸிந்தா, "இப்ப சரியா இருக்குதுடி" என்று கன்னத்தைத் தட்டினார். அன்றிலிருந்து எல்லோரும் தங்கள் ஹெட்போனையும் அப்படியே செய்து வாங்கிக்கொண்டார்கள், ஜெஸிந்தா போனபிறகு கழற்றிக்கொண்டார்கள்.

லாகவேனில் அவர்களை அழைத்தவர் டூவே என்ற உருளைக்கிழங்கு விவசாயி. அவருக்கும் இதே பைத்தியம். வருடம் ஒரு தடவை தன் மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிட்டுப் பல நாட்டு ஹெட்போன்காரர்களைக் கூப்பிடுவார். ஜெஸிந்தா இங்கிலீஷில் எழுதும் கடிதங்களைப் படித்துப் பத்து வருடமாக மயங்கிக் கிடந்த மனிதர். இந்த வருடம் காற்று நின்றது அவருக்கு லாட்டரி அடித்த மாதிரி. சனிக்கிழமை, சாலைக்கு இரண்டு பக்கமும் ஓடும் வாய்க்கால்களில் பக்கத்துக்கொன்றாக இரண்டு மைக்கை இறக்கி, இடது வாய்க்காலை இடது காதிலும் வலது வாய்க்காலை வலது காதிலும் நாற்பது பேர் ஒரே நேரத்தில் கேட்பது, கூடவே அதைப் பதிவும் செய்துகொள்வது, முதல் தீர்ப்பை ஜெஸிந்தா சொல்வது என்று ஏற்பாடு செய்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில் நடந்ததை வஞ்சிக்கொடி முழுவதும் புரிந்துகொள்ளவில்லை. தன்னைக் காட்டி ஜெஸிந்தா இங்கிலீஷில் ஏதோ சொன்னார், அதில் 'எய்ட்த் ஸ்டாண்டர்ட்' என்பது மட்டும் விளங்கியது, மேசையே அன்பாகத் திரும்பிப் பார்த்தது. அந்த அன்பு அவளுக்கு இறங்கவில்லை. மறுநாள் காலை இருவரும் வாய்க்கால் ஓரமாக நடந்தார்கள். ஜெஸிந்தா ஹெட்போனை மாட்டிக்கொண்டு முன்னால் போனார், வஞ்சிக்கொடி பின்னால் வந்தாள். நேற்றைய எட்டாம் வகுப்புக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். ஹெட்போன் மாட்டியவருக்குப் பின்னால் என்ன பேசினாலும் கேட்காது என்பது ஹெட்போன்காரர்கள் எல்லோருக்கும் இருக்கும் தைரியம். கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் மனசை இப்படித்தான் ஆற்றிக்கொள்வார்கள். அவளும் ஆற்றிக்கொண்டாள்.

"உங்க இடது காது செத்து ரெண்டு வருசமாச்சுங்க்கா. நாங்க பத்துப் பேரும் தெரியாத மாதிரி நடிச்சுட்டிருக்கறமுங்க்கா."

கோபத்திலும் மரியாதை விடவில்லை. சொன்னதும் மனசு லேசானது. ஊரின் நிலவரம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் பேச்சு சரிவில் உருண்டு, நாணல்களை விலக்கிக்கொண்டு, டூவேயின் வீட்டுக்கு நேர் எதிரே தண்ணீருக்குள் இறங்கிப் படுத்துவிட்டது.

மத்தியானத்துக்குள் ஊர் அதைக் கண்டுபிடித்துவிட்டது. தபால் கொண்டுவரும் பெண் சைக்கிளை நிறுத்தி இரண்டு முறை கேட்டாள். ரொட்டிக்கடைக்காரி வாத்துக்குத் தீனி போட வந்தவள், கேட்டு, மனப்பாடம் செய்து, மாவு பிசையும்போது முணுமுணுக்க ஆரம்பித்தாள். யாருக்கும் அர்த்தம் தெரியாததால் எல்லோருக்கும் அது பாட்டாக இருந்தது. கடைசியில் வரும் அந்த 'ங்க்கா' ஊருக்கே பிடித்துப் போனது. டூவே குனிந்து காது வைத்துக் கேட்டுவிட்டு, வலது மைக்கைச் சரியாக அந்த இடத்திலேயே இறக்குவதென்று குச்சி நட்டு அடையாளம் வைத்தார். சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. நாற்பது பேர் நடுவில், தன்னைத் தவிர இங்கிருக்கும் ஒரே தமிழ்க் காதில், அதுவும் கேட்கிற காதில், தன் குரலிலேயே அது போய் விழப்போகிறது என்பது வஞ்சிக்கொடிக்கு விளங்கியது. அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். எடுத்தே தீருவது என்று முடிவு செய்தாள்.

வாய்க்கால்களைத் துப்புரவு செய்வது நீர் வாரியத்தைச் சேர்ந்த ஹில்யே என்ற பெண்ணின் வேலை. வஞ்சிக்கொடியைவிடப் பத்து வயது மூத்தவள், தட்டைப் படகில் நின்றபடி நீளமான வாருகோலால் தும்மல்களையும் போன் மணிகளையும் வாரிக்கொண்டு போவாள். அவளிடம் கேட்க வேண்டும், ஆனால் வஞ்சிக்கொடிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரே ஆள் ஜெஸிந்தா. எனவே தமிழில் பேசினால் அவர்கள் மொழியில் திருப்பிச் சொல்லும் போனை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை விடியலில் கரையில் போய் நின்றாள். போன் பேசிய பேச்சும் தண்ணீரில் விழுந்தது, ஹில்யே அதை ஒதுக்கிவிட்டுப் படகில் ஏற இடம் கொடுத்தாள்.

வாருகோல் போட்டு இழுத்தார்கள், விலாங்கு மீன்போல நழுவியது. வாளியில் மொண்டார்கள். முதல் வாளியில் 'உங்க' வந்தது, அடுத்த வாளிகளில் இரண்டு 'ங்க்கா'வும் வந்தன. மரியாதை எடை குறைவானது, சுலபமாக மேலே வந்துவிட்டது. வஞ்சிக்கொடி வாளியை சைக்கிள் கைப்பிடியில் மாட்டித் தள்ளிக்கொண்டு, சிந்தாமல், இரண்டு கிலோமீட்டர் நடந்து கரை ஏறி அவற்றைக் கடலில் கொட்டினாள். மூன்று நடை நடந்தாள். திரும்பி வந்து கேட்டபோது, அடியில் கிடந்த மிச்சம் முன்னைவிட மோசமாக இருந்தது. மரியாதையெல்லாம் போய், இடது காது செத்ததும் பத்துப் பேர் நடித்ததும் மட்டும் கல்லுக் கல்லாகக் கிடந்தன. அவை வாளிக்கு அசையவில்லை. கயிறு கட்டி இழுத்ததற்குக் கயிறு அறுந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தள்ளினாள். ஒரு மாடு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போயிற்று.

மத்தியானம் ஹில்யே பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி, டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட் எடுத்து, டப்பாவை மூடினாள். பிறகு போனை வாங்கி அதில் நிதானமாகப் பேசினாள். போன் அதைத் தமிழில் சொன்னது. ஒரு ஆளுக்கென்று சொன்ன பேச்சு, அந்த ஆளிடம் போய்ச் சேரும்வரை கரை ஏறாது என்றது. வாளிக்கும் ஏறாது, பம்புக்கும் ஏறாது, நாளைக்கே புயல் அடித்தாலும் ஏறாது. பாலத்தடியில் கிடக்கும் 'மாட்டேன்' ஹில்யேயுடையது என்றும் சொன்னது. கேட்க வேண்டியவன் அப்போதுதான் படகில் ஏறிப் போயிருந்தான். பின்னாலேயே கடிதம் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அவன் கனடாவில் எட்டு வருடம் அவள் வருவாள் என்று காத்திருந்தானாம். ஹில்யே முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கப்பைக் கழுவி வைத்துவிட்டு வாருகோலை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜெஸிந்தா ரொட்டியில் வெண்ணெய் தடவி, அந்த ஊர் வழக்கப்படி அதன்மேல் சாக்லேட் துருவலைக் கொட்டிக்கொண்டிருந்தார், இதைத் தின்றா இவ்வளவு உயரம் வளர்ந்தார்கள் என்று சிரித்துக்கொண்டிருந்தார். வஞ்சிக்கொடி அவருடைய வலது பக்கமாகப் போய் நின்றாள். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். ஒரு நிமிடம் கழித்தால் சொல்ல மாட்டோம் என்று தெரிந்ததால் உடனே சொன்னாள். வாய்க்காலில் சொன்னதை அப்படியே சொன்னாள், கடலில் கொட்டிய மரியாதையை மறுபடி சேர்த்தே சொன்னாள்.

ஜெஸிந்தா கத்தியைக் கீழே வைத்தார். "எத்தனை பேருக்குத் தெரியும்?"

"பத்துப் பேருக்குமுங்க்கா."

"நடராசனுக்கு?" நடராசன் என்பவர் கூட்டம் நடக்கும் கட்டடத்தின் வாட்ச்மேன்.

"அவரு வண்டி ஹாரனை உங்க வலது பக்கமா வந்துதானுங்க்கா அடிக்கறாரு."

ஜெஸிந்தா தலையாட்டினார். காது குறைந்தது தனக்குத் தெரியும் என்றார், இரண்டு வருடமாக ஒரு டாக்டரிடம் போய்வருவதாகவும் சொன்னார். ஆனால் ஹெட்போன் மாட்டினால் மட்டும் இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கிறதே, இது மாதாவின் கிருபை என்று நினைத்திருந்தாராம். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு எதுவோ தட்டியது. மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடி பண்ணினே?"

வஞ்சிக்கொடி ரெசிஸ்டரைப் பற்றிச் சொன்னாள். இடது பக்கத்துக்குச் சமமாக வரட்டும் என்று வலது பக்கத்தில் வைத்தேன் என்றாள்.

ஜெஸிந்தா ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தார். "ஒரு காது போச்சு, அது என் விதி. நல்லா இருந்த காதை எதுக்குடி அமுக்கினே?"

வஞ்சிக்கொடி தராசு சமமாக நிற்க வேண்டுமென்றுதான் பார்த்தாள். எந்தத் தட்டிலிருந்து எடுத்தோம் என்று பார்க்கவில்லை. ஜெஸிந்தா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதே நேரத்தில் டூவேயின் வீட்டுக்கு எதிரே வாய்க்காலிலிருந்து பேச்சு மேலே வந்தது. காற்று துளியும் இல்லை, ஆனாலும் ஈரத்துணி காய்வதுபோல லேசாகி எழுந்து, மாடுகளின் தலைக்கு மேலே போய், கரையைத் தாண்டிவிட்டது. தபால்காரப் பெண் பார்த்தாள். ரொட்டிக்கடைக்காரி அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நல்ல சத்தங்களை ஊருக்கு வெளியே அனுப்புகிறார்கள் என்று நீர் வாரியத்துக்கு நாலு பேர் கையெழுத்துப் போட்டு மனுவும் கொடுத்தார்கள். டூவே குச்சியைப் பிடுங்கி ஐந்தடி தள்ளி நட்டார்.

வஞ்சிக்கொடி பயந்த பேச்சு போய்விட்டது, ஆனால் பயம் இடம் மாறி உட்கார்ந்தது. ஜெஸிந்தா வெள்ளிக்கிழமை முழுவதும் கதவைத் திறக்கவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்துக் கதவருகே வைத்தாள், தட்டு காலியாகி வெளியே வந்தது, அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. இருபது வருடச் சிநேகிதம் தட்டோடு கழுவி ஊற்றப்பட்டுவிட்டதா என்று நினைத்தாள். சொல்லாமலே இருந்திருக்கலாமா என்று நினைக்கத் தொடங்கினாள், அதை மட்டும் பாதியில் நிறுத்தினாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கொட்டகையில் நாற்பது பேர் நீளமேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒயர்கள் சன்னல் வழியாகப் போய் இரண்டு வாய்க்கால்களிலும் இறங்கியிருந்தன. ஜெஸிந்தாவின் நாற்காலி காலியாக இருந்தது. டூவே மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்து, நாலாவது முறை வஞ்சிக்கொடியைப் பார்த்தார். அப்போது ஜெஸிந்தா வந்தார். சாம்பல் நிறப் பட்டுப்புடவை, ஒரு கையில் அவருடைய ஹெட்போன், மறு கையில் டூவேயின் பட்டறையிலிருந்து எடுத்து வந்த சால்டரிங் அயர்ன். இரண்டையும் வஞ்சிக்கொடியின் முன்னால் வைத்தார்.

"எடு அதை."

"இங்கேயேவாங்க்கா?"

"இங்கேயேதான்."

வஞ்சிக்கொடி ஸ்க்ரூவைக் கழற்றினாள். நாற்பது பேரும் நாற்பது காபியும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருக்க, அயர்ன் சூடாகும்வரை ஜெஸிந்தா நின்றபடி இங்கிலீஷில் பேசினார். இந்தத் தடவை வஞ்சிக்கொடிக்கு எல்லாம் புரிந்தது, ஏனென்றால் ஜெஸிந்தா ஒவ்வொன்றையும் தமிழிலும் சொன்னார். தன் இடது காது பாதிதான் வேலை செய்கிறது என்றார். இரண்டு வருடமாகத் தான் சொன்ன தீர்ப்புகளில் பாதி பொய், எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்றார். இந்தப் பெண் எட்டாம் வகுப்புதான், ஆனால் பத்துப் பேர் வாயை மூடிக்கொண்டிருந்தபோது வந்து முகத்துக்கு நேரே சொன்னவள் இவள் ஒருத்திதான், அதற்கு முன்னால் ஒரு திருட்டுத்தனமும் செய்தாள், அதை நான் என்றைக்கும் மன்னிக்கப்போவதில்லை, அதற்காக ஊருக்குத் தனியாகப் போகவும் போவதில்லை என்றார். அவசரம் இருக்கிறவர்கள் போய் மாடு பார்க்கலாம், இது முடிய நேரமாகும் என்றும் சொன்னார். யாரும் போகவில்லை.

சால்டர் இளகியது. அரிசி அளவு ரெசிஸ்டர் மேசையில் விழுந்து உருண்டது. வஞ்சிக்கொடி ஒயரை நேராகச் சேர்த்து, மூடி, புடவைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தாள்.

டூவே பொத்தானை அழுத்தினார். ஜெஸிந்தா மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். மூடிய வேகத்தில் திறந்தார். இரண்டு வருடமாகப் பஞ்சு வைத்து அடைத்ததுபோல இருந்த வலது பக்கத்தில் வாய்க்கால் முழுசாக உள்ளே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மணியோசைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. அவற்றுக்கிடையே யாரோ ஒரு தகப்பன் பிள்ளைக்குப் பெயர் தேடி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்திருந்தான். கழுவிய பால் கேன்கள் கலகலத்தன. ஜெஸிந்தாவின் கை தானாக எழுந்து காதின்மேல் அழுந்தியது. இடது பக்கம் தூரத்தில் ஏதோ முனகியது, அவ்வளவுதான்.

அப்புறம் அவர் செய்ததைப் பார்த்து மேசையில் நாலைந்து பேர் மூச்சை இழுத்தார்கள். ஹெட்போனில் 'எல்' என்று போட்டது இடது காதுக்கு, 'ஆர்' என்று போட்டது வலது காதுக்கு என்பதில் உயிரை விடுகிறவர்கள் அவர்கள். ஜெஸிந்தா ஹெட்போனைக் கழற்றித் திருப்பிப் போட்டு, இடது பக்கத்தை வலது காதில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது, விரிந்தது. ஹெட்போன் மாட்டியவர்கள் எல்லோரையும்போலத் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார்.

"அட... இந்தப் பக்கம் பூரா தவளைடி. இவ்வளவு நேரம் இதுங்க இங்கேயேதான் இருந்துச்சா?"

ஆமாம் என்று வஞ்சிக்கொடி அவர் கையைத் தட்டினாள். மேசைக்கு அந்தக் கடைசியில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் யாரும் பார்க்காதபடி தன் ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டார், பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் மாட்டிக்கொண்டார். டூவேயின் பதிவு முடிந்தது. ஜெஸிந்தா தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஹெட்போனை மறுபடி நேராகத் திருப்பி மாட்டிக்கொண்டு வஞ்சிக்கொடியைப் பார்த்தார்.

"முதல்ல இருந்து போடச் சொல்லு."

சொல்ல வேண்டியவர் அவர்தானே, இங்கிலீஷ் தெரிந்தவர் அவர்தானே என்று வஞ்சிக்கொடி விழித்தாள். ஜெஸிந்தா அசையவில்லை, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். வஞ்சிக்கொடி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். நாற்பது முகங்களும் திரும்பின. ஊர்த் திருவிழாக் கச்சேரிகளில் விசிலோடு சேர்த்து ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை ஒன்று அவளிடம் இருந்தது. அது அவர்களுக்குப் புரியுமா, அதற்குள் கேஸ், கதவு, தங்கை என்று மனசு ஓடப்பார்த்தது, பிடித்து நிறுத்தினாள்.

"ஒன்ஸ் மோர்" என்றாள். குரல் நடுங்கியதால், நடுங்காமல் இன்னொரு தடவை சொன்னாள்.